‘எழுதியாயிற்று’ என்று கெர்னல் சொன்ன பிறகு

கோலாலம்பூர் செந்தூலில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் திருமண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறார். சில வருடங்களுக்கு முன் அங்குள்ள கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து அங்கே எது மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் போன் வரும். தை பிறந்து முகூர்த்தங்கள் வரிசையாக வந்த ஒரு வாரத்தில் அழைத்தார்.

“தம்பி, கிள்ளான் பார்ட்டி போன் பண்ணிட்டாங்க. பென்டிரைவ்ல பேரு மட்டும் இருக்கு, படம் ஓடலையாம்.”

“எடுக்கும்போது எஜெக்ட் கொடுத்தாங்களா அண்ணே?”

“நூறு சதம்னு காட்டுச்சு, பையன் உருவிட்டான். நூறு காட்டின பிறகு இன்னும் என்ன பாக்கணும்?”

நியாயமான கேள்வி. திரையில் பட்டை முழுசாக நிரம்பிவிட்டது, கோப்பின் பெயரும் தெரிகிறது. அதைப் பார்த்து எடுத்த பையன்மேல் எப்படிக் குறை சொல்வது? அதோடு அவன் விண்டோஸில் பழகியவன். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து பென்டிரைவ்களுக்கு ‘சட்டென்று எடுக்கலாம்’ என்ற ஏற்பாடுதான் இயல்பாக வருகிறது. அங்கே பென்டிரைவுக்குப் போகும் தரவை நினைவகத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம் இல்லை. லினக்ஸ் அப்படி நடந்துகொள்ளாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து ஸ்டுடியோவுக்குப் போனேன். அதே மாதிரி இன்னொரு திருமண வீடியோ தயாராக இருந்தது. ஃபேட்32 வடிவ பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது என்பதால், அதற்குச் சற்றுக் குறைவாக வெட்டி வைத்திருந்தார்கள். கணினியில் 32 ஜிபி ரேம். நான் ஒரு டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் நினைவகக் கணக்கைக் காட்டும் ‘மெம்இன்ஃபோ’ கோப்பில் டிஸ்க்குக்குப் போகக் காத்திருப்பதைச் சொல்லும் ‘டர்ட்டி’, போய்க்கொண்டிருப்பதைச் சொல்லும் ‘ரைட்பேக்’ என்ற இரண்டு வரிகளை மட்டும் விநாடிக்கு ஒருமுறை காட்டும்படி வைத்தேன். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இப்ப காப்பி பண்ணு” என்றேன்.

பட்டை பத்து விநாடி போல ஓடி முடிந்துவிட்டது. நூறு சதம். டெர்மினலில் ‘டர்ட்டி’ வரியோ மூன்று ஜிபிக்கு மேல் ஏறி நின்றது. பென்டிரைவின் சின்ன விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த எண் இறங்க ஆரம்பித்தது, விநாடிக்குச் சுமார் 15 எம்பி வீதம். ‘ரைட்பேக்’ வரியில் அந்த நேரத்தில் பயணத்தில் இருக்கும் அளவு ஏறி இறங்கியது. பையன் விளக்கைப் பார்க்கிறான், எண்ணைப் பார்க்கிறான், மறுபடி விளக்கு. நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. சில நூறு கேபிக்கு வந்த பிறகுதான் விளக்கு அடங்கியது. “அப்ப நேத்து நான் எடுத்தப்ப முக்கால்வாசி உள்ளயே போகலையாண்ணே?” என்று கேட்டான். போகவில்லை.

இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் நன்றாக நிரல் எழுதுகிறார்கள். ஆனால் எழுதிய தரவு எந்த நிமிடத்தில் நிலைபெறுகிறது என்பதை வகுப்பில் அரை மணி நேரம்கூடத் தொடுவதில்லை. என் அனுபவத்தில், தரவு தொலைந்து போகும் கதைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு நிரல் கோப்பில் எழுத ‘ரைட்’ என்ற அழைப்பைக் கொடுக்கும்போது, கெர்னல் செய்வது இவ்வளவுதான்: நிரல் கொடுத்த பைட்டுகளைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ‘பேஜ் கேஷ்’ என்ற தற்காலிகச் சேமிப்புக்குள் நகலெடுக்கிறது. அந்தச் சேமிப்பு ‘பக்கம்’ என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் சாதாரணக் கணினிகளில் ஒரு பக்கம் என்பது 4096 பைட். அந்தப் பக்கம் டிஸ்க்கில் உள்ளதிலிருந்து மாறிவிட்டது என்று குறித்துக்கொள்கிறது. இதைத்தான் டர்ட்டி பக்கம் என்கிறார்கள். குறித்த கையோடு “எழுதியாயிற்று, இத்தனை பைட்” என்று பதில் சொல்லி நிரலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. டிஸ்க்கை இன்னும் யாரும் தொடவே இல்லை. கோப்பை மூடும் ‘குளோஸ்’ அழைப்பும் பொதுவாக டிஸ்க்குக்குத் தள்ளாது. ‘மூடிவிட்டேன், அதனால் பத்திரம்’ என்ற நம்பிக்கையை அனுபவமுள்ளவர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

அதே நேரத்தில் வேறொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து படித்தால் புதிய தரவுதான் கிடைக்கும், ஏனென்றால் படிப்பதும் அதே பேஜ் கேஷ் வழியாகத்தான். கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்த வித்தியாசமும் தெரியாது. மின்சாரம் போனாலோ, கெர்னல் நின்றாலோ, பென்டிரைவை உருவினாலோதான் தெரியும். நிரல் மட்டும் செயலிழந்தால் ஒன்றும் ஆகாது. பக்கங்கள் கெர்னலின் கையில் இருக்கின்றன, அது எழுதி முடித்துவிடும்.

ஏன் உடனே எழுதாமல் தள்ளிப்போட வேண்டும்? இந்த இடத்தில் நான் முழுசாகக் கெர்னல் பக்கம். நினைவகத்தைத் தொட்டு வர நூறு நானோ விநாடி அளவில் ஆகும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி விநாடி. சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், முள் நகரும் நேரம் தனி. அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதச் சொன்னால் விநாடிக்கு நூறு சொச்சம் முறைக்கு மேல் அது தாங்காது. ஒவ்வொரு ‘ரைட்’டுக்கும் டிஸ்க் வரை போய் வர வேண்டும் என்றால், நாம் இன்று பயன்படுத்தும் எந்த நிரலும் பொறுக்கும் வேகத்தில் ஓடாது.

தாமதத்தால் வேலையும் குறைகிறது. நூறு பைட் நீளமுள்ள பதிவு வரி ஒன்றை நாற்பது முறை எழுதினாலும் ஒரே பக்கத்துக்குள் அடங்கும். டிஸ்க்குக்கு ஒரே பயணம். ஒரு கம்பைலர் உருவாக்கி, சில விநாடிகளில் தானே அழித்துவிடும் இடைக்காலக் கோப்புகள் டிஸ்க்கைத் தொடாமலே பிறந்து மறையலாம். பக்கங்கள் சேர்ந்த பிறகு எழுதினால், கோப்பு மொத்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்து, டிஸ்க்கில் அதற்குத் தொடர்ச்சியான இடம் ஒதுக்க முடியும். ஃபிளாஷ் சிப்புகளால் ஆன எஸ்எஸ்டியில் முள் இல்லை, சுற்றும் இல்லை. ஆனால் ஃபிளாஷை அழிப்பது பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் முடியும். சின்னச் சின்னதாக எழுத வேண்டியவற்றைச் சேர்த்து அனுப்பினால் அதன் ஆயுள் மெதுவாகத்தான் தேயும்.

சரி, யார் எப்போது எழுதுகிறார்கள்?

பழைய யூனிக்ஸில் ‘அப்டேட்’ என்ற சிறு நிரல் ஒன்று பின்னணியில் தூங்கும். முப்பது விநாடிக்கு ஒருமுறை எழுந்து, டர்ட்டி பக்கங்களை எல்லாம் டிஸ்க்குக்கு எழுதச் சொல்லும் ‘சிங்க்’ அழைப்பைக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கப் போகும். லினக்ஸ் தொடக்க காலத்தில் ‘பிடிஃப்ளஷ்’, ‘கேஅப்டேட்’ என்ற இரண்டு இழைகள் (கெர்னலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) இந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. 2.6 கெர்னலில் அது ‘பிடிஃப்ளஷ்’ என்றே ஒலிக்கும் வேறொரு ஏற்பாடானது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்: முதலாவது b-யில் தொடங்கும், அது பஃபர்களுக்கு; இது p-யில் தொடங்கும், இது பக்கங்களுக்கு. வேலைக்கு ஏற்ப இரண்டிலிருந்து எட்டு இழைகள் வரை இருக்கும். எந்த டிஸ்க்கின் வேலை வந்தாலும் கையில் இருப்பவர் செய்வார். இதில்தான் சிக்கல். ஓர் இழை மெதுவான டிஸ்க்கில் மாட்டிக்கொண்டால் வேகமான டிஸ்க்குக்கு ஆள் குறையும். அப்படி மாட்டாமல் இருக்கப் போட்ட தந்திரங்களால், நெரிசலான டிஸ்க்குக்குச் சரியாக வேலை நடக்காமலும் போகும். ஜென்ஸ் ஆக்ஸ்போ என்ற கெர்னல் நிரலாளர் இதை மாற்றி, ஒவ்வொரு சாதனத்துக்கும் அதற்கென்றே ஓர் எழுத்தாளர் இழையைக் கொடுத்தார். 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கெர்னலில் அது சேர்ந்தது. பிறகு 2013-இல் 3.10 கெர்னலில் அந்த இழைகள் பொதுவான வேலைக்காரர் குழுவுக்குள் போய்விட்டன. அதனால்தான் இன்று இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால், ‘கேவொர்க்கர்’ என்ற பெயருக்குப் பின்னால் ‘ஃப்ளஷ்’ என்ற சொல்லும் ஒரு சாதன எண்ணும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இந்த எழுத்தாளர் ஐந்து விநாடிக்கு ஒருமுறை விழித்து, டர்ட்டியாகி முப்பது விநாடி கடந்த பக்கங்களை எழுதுவார். இது வயதை வைத்து நடக்கும் வேலை. அளவை வைத்து இரண்டு வரம்புகள் உண்டு. டர்ட்டி பக்கங்கள் 10 சதவீதத்தைத் தாண்டினால், வயதைப் பார்க்காமல் பின்னணியில் எழுத ஆரம்பித்துவிடுவார். 20 சதவீதம் என்பது மேல் வரம்பு. இந்தச் சதவீதம் மொத்த ரேமுக்கு இல்லை; காலியாக உள்ளதும் கோப்புகளுக்காக வைத்திருப்பதுமான, டர்ட்டி ஆகக்கூடிய நினைவகத்துக்கு மட்டும். பலரும் இதை மொத்த ரேமை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, எண் ஒத்துவரவில்லையே என்று குழம்புவார்கள்.

மேல் வரம்பை நெருங்கினால் என்ன ஆகும்? எழுதிக்கொண்டே இருக்கும் நிரலைக் கெர்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்க வைக்கும். இரண்டு வரம்புகளின் நடுப்புள்ளியைத் தாண்டியதுமே இந்தப் பிரேக் மெல்லப் பிடிக்கும். முன்பெல்லாம், வரம்பில் மாட்டிய நிரலையே பிடித்து “நீயே கொஞ்சம் டிஸ்க்குக்கு எழுது” என்று கெர்னல் வேலை வாங்கும். பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் அப்படி மாட்டினால், பத்துப் பேரும் டிஸ்க்கின் பத்து மூலைக்கு எழுத, முள் அலைபாயும். வூ ஃபெங்குவாங் என்ற நிரலாளர் எழுதிய திருத்தம் 2012 ஜனவரியில் 3.2 கெர்னலில் வந்தது: நிரல் தூங்கினால் போதும், எழுதுவதை எழுத்தாளரே பார்த்துக்கொள்வார். டிஸ்க்கின் வேகத்தை அளந்து, அதற்கு ஏற்ற அளவு தூக்கம். எனக்குக் கெர்னலில் மிகவும் பிடித்த வேலைகளில் இது ஒன்று. வெளியே யாருக்கும் தெரியாது, ஆனால் கணினி உறைந்து நிற்கும் தருணங்கள் குறைந்துவிட்டன.

இப்போது செந்தூல் கணக்கைப் பார்க்கலாம். 32 ஜிபி ரேமில் அன்று டர்ட்டி ஆகக்கூடியது 28 ஜிபி என்று வைத்தால், பின்னணி வரம்பு 2.8 ஜிபி, பிரேக் பிடிக்கும் நடுப்புள்ளி 4.2 ஜிபி. நான்கு ஜிபிக்குக் குறைவான வீடியோ முழுசும் பிரேக்கே படாமல் நினைவகத்துக்குள் போய்விடும். அதை விநாடிக்கு 15 எம்பி வேகமுள்ள பென்டிரைவுக்கு இறக்க நாலரை நிமிடம். பட்டை காட்டிய வேகம் நினைவகத்தின் வேகம், பென்டிரைவின் வேகம் இல்லை.

சதவீதத்தில் வரம்பு வைத்ததுதான் இங்கே காலத்துக்குப் பொருந்தாமல் போனது. 2013-இல் இதே பென்டிரைவ் சிக்கலைக் கெர்னல்காரர்கள் விவாதித்தபோது, கணினிகளில் 8 முதல் 64 எம்பி நினைவகம் இருந்த நாளில் வந்த எண்ணம் இது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சுட்டிக்காட்டினார். 64 எம்பியில் பத்துச் சதவீதம் ஆறு எம்பி. எந்த டிஸ்க்கும் நொடியில் விழுங்கிவிடும். இன்று அதே பத்து, பல ஜிபி. ஆனாலும் இயல்பு எண்கள் 10, 20 என்றே நிற்கின்றன. மாற்றினால் எந்த ஊரில் எந்தச் சர்வர் மெதுவாகுமோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. மேசைக் கணினிகளுக்காவது உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் தாமாக முன்வந்து குறைத்துத் தரலாம் என்பது என் கருத்து.

ஸ்டுடியோவில் வாடிக்கையாளருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும் முன்மேசைக் கணினியில் மட்டும் சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்குக்கு மாற்றினேன். பின்னணி வரம்பு 64 எம்பி, மேல் வரம்பு 256 எம்பி. இப்போது பட்டை நின்று நிதானமாக ஊர்கிறது. அது நூறைத் தொடும்போது பாக்கி இருப்பது பத்துப் பதினைந்து விநாடி வேலைதான். எஜெக்ட் கொடுக்காமல் எடுக்கவே கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. எஜெக்ட்தான் மிச்சத்தையும் எழுதி, கோப்பு முறைமையை ஒழுங்காக மூடுகிறது. எடிட்டிங் கணினிகளில் கை வைக்கவில்லை. அங்கே பெரிய ரெண்டர் கோப்புகள் வேகமான எஸ்எஸ்டிக்குப் போகின்றன, பெரிய வரம்பு அங்கே உதவிதான். பைட் எண்ணை வைத்ததும் சதவீத எண் சுழியாகிவிடும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஒரு சாதனத்தை மட்டும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அந்தச் சாதனத்துக்கு உச்சப் பங்கு வைக்கவும் வழி உண்டு.

பென்டிரைவ் விஷயம் கையால் சரிசெய்யக்கூடியது. நான் வேலையில் பார்க்கும் சர்வர்களில் கதை வேறு. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி எப்படி இருக்கும் என்று. யுபிஎஸ் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சுவிட்ச் ஒன்று சரியாக மாறாமல் போகும் நாளும் வரும். அந்த நொடியில் முப்பது விநாடித் தரவு நினைவகத்தில் மட்டும் இருந்தால்? பணம் வரவு வைத்ததாக வாடிக்கையாளருக்குச் செய்தி போயிருந்தால்?

அதற்குத்தான் ‘எஃப்சிங்க்’. இந்தக் கோப்பின் டர்ட்டி பக்கங்களை இப்போதே எழுது, டிஸ்க் ‘நிலைபெற்றது’ என்று சொல்லும் வரை என்னைத் திருப்பி அனுப்பாதே, என்று கெர்னலிடம் கேட்கும் அழைப்பு அது. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது. ஆனால் ஒரு காலத்தில் நிரலாளர்கள் அதைக் கேட்கவே பயந்தார்கள், அதற்குக் காரணமும் இருந்தது.

2008-இல் பயர்பாக்ஸ் 3 உலாவி வந்தது. பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் புத்தகக்குறிகளையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்தது. எஸ்கியூலைட் ஒழுங்கான பிள்ளை, அடிக்கடி எஃப்சிங்க் கேட்கும். அப்போது லினக்ஸில் பரவலாக இருந்த கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு, எக்ஸ்ட்3. அதன் இயல்பு முறையில், ஒரு சின்னக் கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டாலும், அதே பரிவர்த்தனையில் (ஒன்றாக டிஸ்க்குக்குப் போகும் மாற்றங்களின் தொகுப்பில்) மாட்டியிருக்கும் மற்றக் கோப்புகளின் தரவெல்லாம் முதலில் எழுதப்பட வேண்டும். பின்னணியில் ஒரு பெரிய கோப்பு காப்பி ஆகிக்கொண்டிருந்தால், உலாவி விநாடிக்கணக்கில் உறைந்து நிற்கும். “எஃப்சிங்க் போடாதே, மெதுவாகும்” என்ற பாடத்தை ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. எக்ஸ்ட்3 எப்படியும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை தரவோடு சேர்த்தே எழுதிவிடும் என்பதால், போடாதவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருடக் கடைசியிலேயே அடுத்த கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 நிலையான பதிப்பாக வந்தது. இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடும் புது முறை. கோப்பின் பெயர் மாற்றம் சில விநாடியில் டிஸ்க்குக்குப் போய்விடும், உள்ளடக்கமோ முப்பது விநாடிக்கு மேலும் நினைவகத்தில் இருக்கும். 2009 தொடக்கத்தில் உபுண்டுவின் சோதனைப் பதிப்பை ஓட்டியவர்கள், கணினி திடீரென்று நின்று மறுபடி ஏறியபோது, தங்கள் அமைப்புக் கோப்புகள் சுழி பைட்டாக இருப்பதைக் கண்டார்கள். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எக்ஸ்ட்4-ஐ எழுதியவர்களில் முக்கியமானவரான தியோடர் சோ, எஃப்சிங்க் கேட்காத நிரலுக்கு எந்தத் தரநிலையும் உத்தரவாதம் தரவில்லை என்று விளக்கினார். அது உண்மை. ஆனாலும் அவர் அதோடு நிறுத்தவில்லை: ஏற்கெனவே உள்ள கோப்பின்மேல் புதிய கோப்பைப் பெயர் மாற்றினால், அல்லது கோப்பைச் சுழியாக்கி மறுபடி எழுதி மூடினால், உள்ளடக்கத்தையும் உடனே தள்ளிவிடும்படி திருத்தம் செய்தார். 2009 நடுவில் 2.6.30 கெர்னலில் அது வந்தது. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். தரநிலையை வைத்து நிரலாளரைக் கண்டிக்கலாம். தரவு தொலைந்து நிற்பவர் நிரலாளர் இல்லை.

அதற்காக அந்தத் திருத்தத்தின்மேல் சாய்ந்துகொண்டு எழுதக் கூடாது. ஒரு கோப்பைப் பத்திரமாக மாற்றும் முறை பல வருடங்களாக ஒன்றுதான். அதே அடைவில் (ஃபோல்டரில்) தற்காலிகப் பெயரில் புதிய கோப்பை எழுத வேண்டும். அதற்கு எஃப்சிங்க் கேட்டு, வரும் பதிலைச் சோதிக்க வேண்டும். அப்புறம் பழைய பெயருக்குப் பெயர் மாற்ற வேண்டும். கடைசியாக அந்த அடைவையே திறந்து அதற்கும் எஃப்சிங்க் கேட்க வேண்டும், ஏனென்றால் பெயர் என்பது அடைவில் எழுதப்படும் தரவு. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் எங்கே மின்சாரம் போனாலும், பழையது முழுசாக இருக்கும், இல்லையேல் புதியது முழுசாக இருக்கும்.

தரவுத்தளங்கள் இதைவிட நுட்பமாகச் செய்கின்றன. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களின் கணக்கு முறையைக் கேள்விப்பட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். நடந்ததை நடந்த உடனே சிட்டையில் வரிசையாகக் குறித்துவிடுவார்கள், பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவது பிறகு. பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் அப்படித்தான்: ஒவ்வொரு மாற்றமும் முதலில் தொடர் பதிவேட்டில் எழுதப்படும், பரிவர்த்தனை முடியும்போது அந்தப் பதிவேட்டுக்கு மட்டும் எஃப்சிங்க். உண்மையான அட்டவணைப் பக்கங்கள் பேஜ் கேஷில் கிடந்து, ஆற அமரப் போகும். இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘செக்பாயின்ட்’ வரும். அப்போது அந்தப் பக்கங்களுக்கும் எஃப்சிங்க் கேட்டு, எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று உறுதியானால், அதுவரையிலான பதிவேட்டைத் தூக்கிப் போடலாம்.

உறுதி என்பது எஃப்சிங்க் தரும் பதில். அந்தப் பதிலின்மேல் எல்லோரும் வைத்திருந்த நம்பிக்கை 2018-இல் ஆட்டம் கண்டது. கிரெய்க் ரிங்கர் என்ற போஸ்ட்கிரெஸ்காரர் ஒரு நிஜமான தரவு இழப்பைத் தோண்டிப் பார்த்தார். டிஸ்க்குக்கு எழுதும்போது பிழை வந்திருக்கிறது. எஃப்சிங்க் கேட்டபோது கெர்னல் ‘பிழை’ என்று சொல்லியிருக்கிறது. சரி, மறுபடி கேட்போம் என்று போஸ்ட்கிரெஸ் கேட்க, இந்த முறை ‘வெற்றி’. ஆனால் தரவு டிஸ்க்கில் இல்லை. முதல் தோல்விக்குப் பிறகு கெர்னல் அந்தப் பக்கங்களை எழுதியாகிவிட்ட பக்கங்கள் போலவே குறித்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு எழுத ஒன்றுமில்லை, அதனால் வெற்றி. அதை நம்பிப் பதிவேட்டையும் தூக்கிப் போட்டாயிற்று.

முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு கெர்னல் ஏன் நடந்துகொள்ள வேண்டும்? அதற்குக் கெர்னல்காரர்கள் சொன்ன காரணம் என்னை மறுபடி பென்டிரைவுக்கே கொண்டுவந்தது. டிஸ்க்குக்கு எழுதுவதில் பிழை அதிகமாக வருவதே, யாராவது பென்டிரைவைப் பாதியில் உருவும்போதுதான். திரும்பி வராத சாதனத்துக்கான டர்ட்டி பக்கங்களை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால், சில ஜிபி ரேம் யாருக்கும் உதவாமல் அடைபட்டுவிடும். கைவிடத்தான் வேண்டும். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதே விதியைத் தரவுத்தள டிஸ்க்குக்கும் பொருத்தியதில்தான் ஆபத்து. 2017-இல் 4.13 கெர்னலில் ஜெஃப் லேட்டன் என்ற கெர்னல்காரர் பிழைக் கணக்கைத் திருத்தி, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது பிழை தெரியும்படி செய்திருந்தார். 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகள் இன்னொரு பாடத்தைச் சேர்த்தன: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொள்ளும், பதிவேட்டிலிருந்து மறுபடி கட்டி எழும்பும். இரண்டாவது முறை கேட்பதே இல்லை. எந்த நிரல் எழுதுபவருக்கும் இதையே சொல்வேன். எஃப்சிங்க் தோற்றால் திரும்பக் கேட்டு ஆறுதல் தேடக் கூடாது, கையில் உள்ள மூலத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும்.

இவ்வளவும் கெர்னல் வரைக்கும். அதற்குக் கீழே டிஸ்க்குக்குள்ளேயே இன்னொரு கேஷ் இருக்கிறது.

என் அத்தை பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். 1972-இல் இன்டெல் அங்கே வந்ததிலிருந்து எத்தனையோ நம் பெண்கள் அந்தப் பகுதியில் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர் ஒருமுறை பழைய டிஸ்க் ஒன்றைத் திருப்பிக் காட்டி, பச்சைப் பலகையில் இருந்த ஒரு சின்னச் சிப்பைத் தொட்டு, “இது மெமரிப்பா, வட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்கதான் நிக்கும்” என்றார். எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கெர்னல் எழுதிவிட்டாலும் தரவு அந்தச் சிப்பில் நிற்கலாம். மின்சாரம் போனால் அதுவும் போகும். அதனால்தான் லினக்ஸில் எஃப்சிங்க் கடைசியில் டிஸ்க்குக்கு ‘உன் கேஷையும் காலி செய்’ என்று ஒரு கட்டளை அனுப்புகிறது. மேக்கில் சாதாரண எஃப்சிங்க் அந்தக் கடைசிக் கட்டளையை அனுப்பாது. ‘எஃப் ஃபுல்எஃப்சிங்க்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். மேக்கில் எஃப்சிங்க் மின்னல் வேகம் என்று மெச்சுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிஸ்க் அந்தக் கட்டளையை மதிக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2013-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் எச்பி ஆய்வகத்தினரும் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13-இல் ஏதாவது ஒரு வகைக் கோளாறு தெரிந்தது. இன்றைய எஸ்எஸ்டிகள் தேறியிருக்கலாம், ஆனால் கோலாலம்பூரின் லோ யாட் கணினி வளாகத்தில் எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்கள் அட்டையில் உள்ள வேகத்தை மட்டும் பார்க்க வேண்டாம். தரவுத்தளத்துக்கு என்றால், மின்தடைப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவற்றில் பலகையில் வரிசையாக மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் போன பிறகும் கேஷில் உள்ளதை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவை தாங்கும். விலை கூடத்தான் செய்யும். எஃப்சிங்க் வேகமும் அதில் கூடுதலாகவே கிடைக்கும், ஏனென்றால் கேஷில் விழுந்ததையே நிலைபெற்றதாக அதனால் நேர்மையாகச் சொல்ல முடியும்.

அலுவலகத்துக்குப் புது மாடல் வந்தால் நான் காகிதத்தை நம்பாமல் சோதித்துவிடுகிறேன். சோதனைக் கணினியில் ஒரு சின்ன நிரல் ஏறுவரிசை எண்களைக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் கேட்கும். வெற்றி என்று பதில் வந்த எண்ணை மட்டும் நெட்வொர்க் வழியாகப் பக்கத்துக் கணினிக்குச் சொல்லும். சில நிமிடம் ஓடவிட்டு, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன். மறுபடி ஏற்றி, பக்கத்துக் கணினி கேட்ட கடைசி எண் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்ப்பேன். டிஸ்க்கில் ஓர் எண் கூடுதலாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஒன்று குறைந்தாலும் அந்த மாடல் தரவுத்தளச் சர்வருக்குப் போகாது. தொலைந்தால் பரவாயில்லை என்ற இடைக்காலக் கோப்புகள் வைக்கும் கணினிக்குப் போய்விடும்.